கத்தரியில் புதிய ரகம்: கலப்பும் தெரிவும்

புதிய ரகம் உருவாக்குவது பல்கலைக்கழகத்துக்கும் விதைக் கம்பெனிக்கும் மட்டுமே உரிய வேலை என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். கத்தரியைப் பொறுத்தவரை அப்படி ஒதுங்கத் தேவையில்லை. ஊருக்கு ஊர் வேறுபடும் வரிக்கத்தரியும் முள்ளுக்கத்தரியும் புழுதிக்கத்தரியும் உழவர்கள் காய் பார்த்து, ருசி பார்த்து, பிடித்த செடியின் விதையை எடுத்து வைத்ததால் நிலைத்தவை. அந்தக் கையும் கண்ணும் இன்றும் நம்மிடம் இருக்கின்றன. கூடுதலாக வேண்டியது கொஞ்சம் மரபியல் அறிவு, ஒரு கூரிய இடுக்கி, ஒரு நோட்டு.

தோட்டப்பயிரில் கலப்பு பழக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது கத்தரியைத்தான். பூ பெரிது, மிளகாய்ப் பூவைப்போலக் கண்ணைச் சோதிக்காது. ஒரு காயிலேயே நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும். விதைத்து ஐந்து, ஐந்தரை மாதத்தில் அடுத்த தலைமுறை விதை கைக்கு வந்துவிடுவதால், தண்ணீர் வசதி இருந்தால் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை பார்க்கலாம். உலகில் முதன்முதலாக வீரிய ஒட்டு விதையாக உழவர் கைக்குப் போன காய்கறியும் கத்தரிதான். ஜப்பானில் சைத்தாமா வட்டாரத்தில் 1924இல் அது நடந்தது. பூவைக் கையால் கலப்பது அவ்வளவு எளிது என்பதும், ஒரு காய்க்கு அவ்வளவு விதை என்பதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கலப்பதற்கு ஒரு மாலையும் அடுத்த நாள் காலையும் போதும். ரகம் உருவாவது அதற்கு இரண்டு பட்டம் கழித்து, இரண்டாம் தலைமுறைச் செடிகளைப் போதுமான எண்ணிக்கையில் நட்டு, அவற்றில் பெரும்பாலானவற்றைப் பிடுங்கிப் போடும்போதுதான். கலப்போடு உற்சாகம் தீர்ந்துபோய், இரண்டாம் தலைமுறையில் பத்துச் செடி நட்டுவிட்டு "ஒன்றும் சரியாக வரவில்லை" என்று கைவிடுபவர்களே அதிகம். அவர்கள் கலப்பில் தவறவில்லை, கணக்கில் தவறினார்கள்.

கலப்பதற்கு முன்

முதலில் உங்களிடம் உள்ள நாட்டுக் கத்தரியையே பொறுக்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பேர்பெற்ற ரகங்களின் பூர்வீகத்தைப் பாருங்கள். கோ 2 வரிக்கத்தரியிலிருந்து தெரிந்தெடுத்தது. மதுரை 1 கள்ளம்பட்டி வகையிலிருந்து வந்தது. கிள்ளிகுளம் 1 குளத்தூர் வகையிலிருந்து வந்தது. பாலூர் 1 நாக்பூர்ப் பக்கத்து வகையிலிருந்து மறுதெரிவு செய்தது. பெரியகுளம் 1 புழுதிக்கத்தரியில் செயற்கையாகச் சடுதிமாற்றம் உண்டாக்கிப் பெற்றது. இவற்றில் எதற்கும் இரண்டு ரகங்களைக் கலக்கவில்லை. பின்னாளில் வந்த வீரிய ஒட்டான கோ.பி.எச். 1இன் பெற்றோரில் ஒன்று கோ 2. தெரிவில் கிடைத்ததே பிறகு கலப்புக்கு மூலதனமானது.

கலக்காமல் தெரிவிலேயே ரகம் கிடைக்கக் காரணம் கத்தரிப் பூவின் இயல்பு. கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனாலும் வண்டுகள் புகுந்து கொஞ்சம் அயல் மகரந்தத்தையும் சேர்த்துவிடும். ஆகவே ஊரில் பல காலம் இருந்துவரும் நாட்டு வகை ஒரே அச்சாக இருக்காது. வயலில் நடந்து பார்த்தால் காய் சற்று நீண்ட செடி, முள் குறைந்த செடி, புழு குறைவாக விழுந்த செடி எனத் தனித்தனியே தெரியும். பிடித்த பத்துப் பன்னிரண்டு செடிகளின் விதையைத் தனித்தனிப் பொட்டலமாக எடுத்து, அடுத்த பட்டத்தில் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வரிசையாக நடுங்கள். இப்போது ஒப்பிட வேண்டியது வரிசைகளை. ஒரு செடி நன்றாகக் காய்த்தது என்பதற்கு அதன் அடியில் எரு கூடுதலாக விழுந்ததுகூடக் காரணமாகலாம். வரிசை முழுவதும் நன்றாக இருந்தால் அது விதையின் குணம்.

இந்தத் தெரிவுக்கு ஓர் எல்லை உண்டு. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903இல் பீன்ஸ் விதையைக் கொண்டு இதைக் காட்டினார். ஒரே தூய வழியில் வந்த பெரிய விதைகளையும் சிறிய விதைகளையும் தனித்தனியே விதைத்தார். இரண்டின் பிள்ளைகளும் ஒரே சராசரி எடையில் வந்தன. வேறுபாடு மண்ணாலும் இடத்தாலும் வந்ததே தவிர மரபணுவால் வரவில்லை. ஆகவே நாலைந்து தலைமுறை தெரிவு செய்து வரிசை முழுவதும் ஒரே அச்சாக வந்துவிட்டால், அதற்குமேல் அதே வரிசைக்குள் பொறுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை. புதிய குணம் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். கலப்புக்கான தேவை அங்கே தொடங்குகிறது.

தாயும் தந்தையும்

எதற்காகக் கலக்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் நோட்டில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் கலப்பைத் தள்ளிப்போடுங்கள். "நல்ல கத்தரி வேண்டும்" என்பது குறிக்கோள் ஆகாது. இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ருசிக்குத் தனிக் கிராக்கி உண்டு. ஆனால் காம்பிலும் இலையிலும் முள். காய் பறிப்பவர்களின் விரலைக் கேட்டால் தெரியும். இப்போது நம் வாக்கியம்: "முள்ளுக்கத்தரியின் ருசியும் ஊதா நிறமும் வேண்டும், முள் வேண்டாம்." முள்ளில்லாத ஒரு பச்சைக் கத்தரியை இன்னொரு பெற்றோராக எடுப்போம்.

எதைத் தாயாக வைப்பது? மகரந்தம் ஏற்று விதை தருவது தாய்ச்செடி. ஒடுங்கு பண்பு, அதாவது கலப்பில் மற்றொன்றால் அடக்கப்பட்டு மறையும் பண்பு, வெளியே தெரிகிற செடியைத் தாயாக வைப்பது நல்லது. கத்தரியில் ஊதா பொதுவாகப் பச்சையை அடக்கும். பச்சைக் கத்தரியைத் தாயாக வைத்து முள்ளுக்கத்தரியின் மகரந்தத்தைப் போட்டால், உண்மையான கலப்புப் பிள்ளைகள் ஊதா சாயல் பெறும். நம் கை தவறி, தாயின் சொந்த மகரந்தமே பட்டு உண்டான விதைகள் பச்சையாகவே வரும். பல வகைகளில் இது நாற்றங்காலிலேயே தெரிந்துவிடும். விதையிலைக்குக் கீழே உள்ள குருத்துத் தண்டைப் பாருங்கள். ஊதா படர்ந்திருந்தால் கலப்பு, வெளிர் பச்சையாக இருந்தால் கலப்பு ஆகவில்லை. இரண்டு பெற்றோரின் நாற்றையும் பக்கத்திலேயே விதைத்து வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது எளிது. தாயும் தந்தையும் ஒரே நிறமானால் இந்தச் சோதனை கிடைக்காது. காய்க்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பெற்றோர் இரண்டும் தூயதாக இருக்க வேண்டும். கலப்படமான தாயும் கலப்படமான தந்தையும் சேர்ந்தால் முதல் தலைமுறையிலேயே செடிக்குச் செடி வேறுபடும், பிறகு எந்தக் கணக்கும் நிற்காது. முன் பகுதியில் சொன்ன தெரிவை முதலில் செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூவைப் படித்தல்

ஒரு கத்தரிச் செடியில் எல்லாப் பூவும் காய்க்காது. பூவை உள்ளிருந்து பாருங்கள்: நடுவில் சூல்தண்டு, அதைச் சுற்றிக் கூம்பாக மஞ்சள் மகரந்தப்பைகள், பெரும்பாலும் ஐந்து. சூல்தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அது நெடுந்தண்டுப் பூ, நன்றாகக் காய்க்கும். பைகளின் உயரத்துக்குச் சமமாக இருந்தாலும் காய்க்கும். பைகளுக்குள் புதைந்து குட்டையாக இருந்தால் அந்தப் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கலப்புக்கு நெடுந்தண்டுப் பூதான் வேண்டும். கொத்தாகப் பூக்கும் வகையில் கொத்தின் அடியில் உள்ள முதல் பூ பெரிதாகவும் நெடுந்தண்டு உடையதாகவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு கொத்தில் மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

கத்தரியின் மகரந்தப்பை நீளவாட்டில் வெடிப்பதில்லை. நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் தூள் வெளியே வரும். கருவண்டு போன்றவை பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைக்கும்போது தூள் உதிர்வது அதனால்தான். நாம் கையால் தூள் எடுக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மாலை வேலை

கருவிகள் குறைவு. நுனி கூரான இடுக்கி, தடித்த ஊசி, கொஞ்சம் ஸ்பிரிட், பஞ்சு, பட்டர் பேப்பரில் ஒட்டிய சிறு உறைகள், நூல், அட்டை, பென்சில். பேனா வேண்டாம், மழையில் அழிந்துவிடும். நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோன்ற ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் நல்லது.

பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தொடங்குங்கள். மறுநாள் காலை விரியப்போகிற மொட்டைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பழக்கம் தேவைப்படும் இடம். இதழ்கள் புல்லிவட்டத்தைத் தாண்டி நீண்டிருக்கும், நிறம் ஏறியிருக்கும், ஆனால் நுனி இன்னும் மூடியிருக்கும். நிறமே ஏறாத மொட்டு மிக இளசு. இதழ் நுனி பிரிந்துவிட்டதை எடுக்காதீர்கள். உள்ளே தூள் உதிர்ந்திருக்கலாம்.

இடது கையின் இரண்டு விரலால் மொட்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியின் நுனியால் இதழ்களை மெல்லப் பிரியுங்கள். மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக, அடிக்காம்பைப் பிடித்து வெளியே இழுங்கள். பையின் நடுவில் பிடித்து நசுக்கினால் தூள் சிந்தும். சூல்தண்டைத் தொடவே கூடாது. அதில் ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பூ போயிற்று. பைகளை எடுத்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். ஒன்று ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவது சாதாரணமாக நடக்கும். பிறகு கண்ணாடி வைத்துச் சூல்முடியைப் பாருங்கள். பச்சையாக, ஈரப்பளபளப்போடு, மகரந்தத் துகள் ஏதுமில்லாமல் இருக்க வேண்டும். துகள் தெரிந்தால் தயங்காமல் அந்தப் பூவைக் கிள்ளிப்போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பூவுக்குப் பூ இடுக்கியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

உறையைப் போட்டு, காம்பைச் சுற்றி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கட்டினால் எறும்பு நுழையாது. தந்தைச் செடியிலும் மறுநாள் விரியப்போகும் நாலைந்து மொட்டுகளுக்கு உறை போடுங்கள். அந்தத் தூளில் வண்டு கொண்டுவந்த வேறு தூள் கலந்துவிடக்கூடாது.

காலை வேலை

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் நல்ல நேரம். தந்தைப் பூவைப் பறித்து, ஒரு மகரந்தப்பையை எடுத்து ஊசியால் நீளவாட்டில் கீறுங்கள். நுனித் துளைக்காகக் காத்திருக்காமல் தூள் முழுவதும் ஊசி முனையில் வெள்ளைப் பொடியாக வரும். அதைத் தாய்ப்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். முடி முழுவதும் பொடி படிந்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதிகம் தடவினால் தவறில்லை. குறைந்தால் விதை குறையும். மீண்டும் உறையைப் போட்டு, அட்டையில் தாய் பெயரை முதலிலும் தந்தை பெயரை அடுத்தும் எழுதி, தேதி போட்டுக் கட்டுங்கள்.

சூல்முடி பூ விரிந்த பிறகும் ஓரிரு நாள் மகரந்தம் ஏற்கும் நிலையில் இருக்கும். காலையில் மழை பெய்து தூள் நனைந்துவிட்டால் மறுநாள் செய்யலாம். மூன்று நாள் கழித்து உறையை எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் புல்லிவட்டம் பருத்தால் காய் பிடித்துவிட்டது. பல பூக்கள் உதிரத்தான் செய்யும். இரண்டு காய் போதும் என்றாலும் பத்துப் பூவிலாவது செய்து வையுங்கள். காய் பிடித்த கிளையில் மற்ற காய்களைக் கிள்ளிவிட்டால் விதை திரட்சியாக வரும்.

கலப்புக் காயை யாரும் பறித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்த வேலையில் ஒரு பகுதி. சிவப்புத் துணி ஒன்றைக் கிளையில் கட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். மகரந்தம் போட்டு 50 முதல் 60 நாளில் காய் பழுத்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். ஊதா, பச்சை, வெள்ளை எதுவானாலும் கத்தரி பழுத்தால் இந்த நிறத்துக்கு வந்துவிடும். பறித்து சில நாள் வைத்து, காய் இளகியதும் பிசைந்து, தண்ணீரில் அலசுங்கள். அடியில் தங்குவது நல்ல விதை. நிழலில் உலர்த்துங்கள்.

முதல் தலைமுறை

இதில் தெரிவு செய்ய ஏதும் இல்லை. பெற்றோர் தூயவை என்றால் முதல் தலைமுறைச் செடிகள் எல்லாம் ஒரே அச்சு. நம் உதாரணத்தில் ஊதாக் காய், முள். முள் வந்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். முள்ளுள்ள தன்மை பெரும்பாலும் ஓங்கும். முள்ளில்லாத தன்மை உள்ளே மறைந்திருக்கிறது. செடி பெற்றோர் இரண்டையும்விட வீரியமாக நிற்கலாம். விதைக் கம்பெனி விற்பது இந்தத் தலைமுறையைத்தான். கடையில் வாங்கிய வீரிய ஒட்டின் விதையை எடுத்து விதைத்தால் செடிக்குச் செடி மாறிப்போவது ஏன் என்பதும் இங்கே விளங்கும்; அது இரண்டாம் தலைமுறை.

ஐந்தாறு செடி போதும். பூக்களுக்கு உறை போட்டு, காலையில் கிளையை விரலால் தட்டிவிட்டால் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். இரண்டு காயின் விதை அடுத்த கட்டத்துக்கு ஏராளம்.

இரண்டாம் தலைமுறை: எத்தனை செடி?

மெண்டல் பட்டாணியில் எட்டு ஆண்டு உழைத்து 1866இல் அச்சிட்ட கணக்குதான் இங்கே நம் கையில் உள்ள கருவி. ஒரு மரபணு ஆளும் ஒடுங்கு பண்பு, இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு பங்குச் செடியில் வெளிப்படும். நான்கில் ஒன்று என்றால் நான்கு செடி நட்டால் ஒன்று கிடைத்துவிடும் என்று பொருளில்லை. 95 சதவீத உறுதியோடு ஒன்றாவது கிடைக்க வேண்டுமானால் 11 செடி வேண்டும்.

நமக்கு வேண்டியது இரண்டு குணங்கள்: முள் இல்லாமை, கலப்பற்ற ஊதா. ஒவ்வொன்றையும் ஒரு மரபணு ஆள்வதாக வைத்துக்கொண்டால், முள்ளில்லாத ஊதாச் செடிகள் 16இல் 3. அந்த மூன்றில் ஒன்றுதான் ஊதாவில் தூயது. மற்ற இரண்டும் பச்சையை மறைத்துவைத்திருப்பவை. ஆகவே நாம் தேடும் செடி 16இல் 1. அது ஒன்றாவது கிடைப்பது 95 சதவீதம் உறுதியாக 47 செடி வேண்டும். மூன்றாவதாக இன்னொரு குணத்தையும் தூய நிலையில் கேட்டால் 64இல் 1. அதற்கு 191 செடி. ஒவ்வொரு விருப்பத்தையும் சேர்க்கும்போது நிலம் நான்கு மடங்காகிறது. குறிக்கோளை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான்.

நிஜத்தில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடக்காது. கத்தரியின் நிறத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் கை வைக்கின்றன. முள்ளிலும் தண்டு முள், இலை முள், புல்லி முள் என வேறுபாடு உண்டு. ருசி நம் பட்டியலில் முதலில் இருக்கிறது, அதையோ பல மரபணுக்கள் சேர்ந்து ஆள்கின்றன. ஆகவே என் பரிந்துரை 200 செடி. 60 செ.மீ. இடைவெளியில் நட்டால் இரண்டு சென்ட் நிலத்தில் அடங்கிவிடும். அவ்வளவு இடமும் இல்லாதவர்கள் 300 நாற்று விட்டு, தண்டு நிறத்தையும் இலை முள்ளையும் நாற்றிலேயே பார்த்துக் கழித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் நடலாம்.

நட்ட பிறகு மூன்று முறை வயலில் இறங்கிப் பொறுக்க வேண்டும். முதல் பூ வரும்போது முள்ளுள்ளவற்றைப் பிடுங்குங்கள். காய் தொடங்கும்போது நிறம், வடிவம் பிடிக்காதவை போகட்டும். மூன்றாவது பறிப்பின்போது மிஞ்சிய செடிகளின் காயை எண்ணி, குருத்துப்புழுவும் காய்ப்புழுவும் எவ்வளவு என்று குறியுங்கள். வரப்போரச் செடிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளிச்சமும் இடமும் கூடுதலாகக் கிடைத்ததால் அவை எப்போதும் கொழுத்து நிற்கும். பெற்றோர் இரண்டையும் வயலின் நடுவே அங்கங்கே நட்டிருந்தால் எது உண்மையில் உயர்ந்தது என்று கண் ஏமாறாது.

ருசியை வாயால்தான் பார்க்க முடியும். ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரே பருவத்தில் உள்ள இரண்டு காயை எடுத்து, எண் எழுதிய கிண்ணங்களில் வையுங்கள். முதலில் குறுக்கே வெட்டிப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். சில காயின் சதை சீக்கிரம் கறுக்கும், சிலவற்றில் வெண்மை நிற்கும். விதை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதும் தெரியும். பிறகு உப்பு மட்டும் சேர்த்து ஆவியில் வேகவையுங்கள். புளியும் மசாலாவும் சேர்ந்தால் எல்லாக் கத்தரியும் ஒன்றாகிவிடும். கசப்பு, நெடி, சதையின் வழவழப்பு மூன்றையும் எழுதுங்கள். முள்ளுக்கத்தரிக் கிண்ணம் ஒன்றும் வரிசையில் இருக்கட்டும். அதை எந்த எண்ணில் வைத்தீர்கள் என்று சுவைப்பவருக்குச் சொல்லாதீர்கள்.

இதற்குள் செடியில் பல காய்கள் வண்டு தொட்ட பூவிலிருந்து வந்திருக்குமே, தூய விதைக்கு என்ன செய்வது? கத்தரியின் பெரிய வசதி இங்கே உதவுகிறது. தேர்ந்தெடுத்த செடியைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டி, எருவும் தண்ணீரும் கொடுத்தால் மறுதாம்பு துளிர்த்துப் பூக்கும். அந்தப் பூக்களுக்கு உறை போட்டு விதை எடுங்கள். முழுச் செடிக்கும் நைலான் வலைக்கூடு போடுவது இன்னும் எளிது.

மூன்றாம் தலைமுறையிலிருந்து

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு செடியின் விதையும் இனி ஒரு குடும்பம். குடும்பத்துக்கு 15 முதல் 20 செடி வரை ஒரே வரிசையில் நடுங்கள். முள்ளில்லாமை ஒடுங்கு பண்பாதலால் அது இங்கேயே நிலைத்துவிட்டிருக்கும். ஒரு செடியிலும் முள் வராது. ஊதாவுக்குத்தான் சோதனை. வரிசையில் ஒரு பச்சைக் காய்ச் செடி தலைகாட்டினாலும் அந்தக் குடும்பம் தூயதல்ல. முன்பு சொன்ன அதே 11 இங்கும் பயன்படும்: 11 செடியும் ஊதாவாகவே நின்றால் அந்தத் தாய் தூயது என்று 95 சதவீதத்துக்கு மேல் நம்பலாம்.

இந்தக் கட்டத்தில் முதலில் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு அந்தக் குடும்பத்துக்குள் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோசமான வரிசையில் நிற்கும் ஒரு பிரமாதமான செடி மனதை இழுக்கும். விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு தன்மகரந்தத் தலைமுறையிலும் கலப்பு நிலை பாதியாகக் குறையும். இரண்டாம் தலைமுறையில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5, ஐந்தாவதில் 6.25, ஆறாவதில் 3 சதவீதம் சொச்சம். ஆறாம் தலைமுறைக்கு வந்துவிட்டால் வயலில் பார்ப்பவருக்கு ஒரே ரகமாகத் தெரியும். ஆண்டுக்கு இரண்டு பட்டம் என்றால், கலப்பு செய்த நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று, மூன்றரை ஆண்டு.

மாவிலும் செம்பருத்தியிலும் கலப்பு செய்பவர்களுக்கு இந்த நீண்ட நடை தேவைப்படாது. டெல்லி பூசா நிறுவனத்தில் தசேரியையும் நம் நீலத்தையும் கலந்து பெற்றது ஆம்ரபாலி. மல்லிகாவும் அதே இரண்டு ரகங்களின் பிள்ளை, அதில் நீலம் தாய். மாவின் பெற்றோர் ஏற்கெனவே கலப்பு நிலையில் இருப்பதால் முதல் தலைமுறையிலேயே கன்றுக்குக் கன்று வேறுபடும். பிடித்த ஒரே மரம் கிடைத்தால் போதும், ஒட்டுக்கட்டி ஆயிரமாக்கலாம். அங்கே நிலைப்படுத்த வேண்டிய வேலை இல்லை. ஆனால் காய் பார்க்கவே பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

பின்கலப்பு

முள்ளுக்கத்தரியின் ருசி பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. பச்சைக் கத்தரியோடு பாதிக்குப் பாதி கலந்த பிறகு அந்த ருசி முழுதாகத் திரும்பக் கிடைப்பது கடினம். அதனால் "எல்லாம் முள்ளுக்கத்தரி மாதிரியே இருக்கட்டும், முள் மட்டும் போகட்டும்" என்பவர்களுக்கு நான் பின்கலப்பையே சொல்வேன். முதல் தலைமுறையை மீண்டும் முள்ளுக்கத்தரியோடு கலந்தால் பிள்ளைகளில் முள்ளுக்கத்தரியின் பங்கு சராசரியாக 75 சதவீதமாகும். அடுத்த பின்கலப்பில் 87.5, அதற்கடுத்ததில் 93.75.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்கலப்புப் பிள்ளைகள் எல்லாமே முள்ளோடு இருக்கும். அவற்றில் பாதியில்தான் முள்ளில்லாமை மறைந்திருக்கிறது, எந்தப் பாதி என்று பார்வையால் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பின்கலப்புக்குப் பிறகும் ஒரு தலைமுறையைத் தன்மகரந்தத்தில் விட்டு, முள்ளில்லாமல் வரும் செடியைப் பிடித்து, அதை மீண்டும் முள்ளுக்கத்தரியோடு கலக்க வேண்டும். காலம் இரட்டிப்பாகும். இரண்டு பின்கலப்போடு நிறுத்தி, அதன்பின் ருசி பார்த்துப் பொறுக்குவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வாடல் நோய்க்கு எதிர்ப்பு தேடுபவர்களும் இந்த முறைக்கே வர வேண்டியிருக்கும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நிதி, அர்கா கேசவ், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா போன்றவை பாக்டீரியா வாடலைத் தாங்கும் ரகங்கள், தந்தையாக எடுக்கலாம். பொறுக்குவதை வாடல் உள்ள நிலத்திலேயே செய்யுங்கள். நோயில்லாத வயலில் எல்லாச் செடியும் எதிர்ப்பு உள்ளதாகத்தான் தெரியும். சுண்டைக்காய்ச் செடி வாடலைத் தாங்குகிறதே, அதோடு கலக்கலாமா என்று கேட்பார்கள். சுண்டை வேறு இனம். கையால் மகரந்தம் போட்டு நல்ல விதை எடுப்பது மிகக் கடினம். அதன் பலனை அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டிப் பெறுவதே வழி.

விதையும் உரிமையும்

ரகம் நிலைத்த பிறகு விதைப் பெருக்கத்துக்கு வேறு கத்தரி வயலிலிருந்து தள்ளி நடுங்கள். சான்று விதைக்கு 100 மீட்டர், ஆதார விதைக்கு 200 மீட்டர் தூரம் வைப்பது நம் நாட்டு விதைச் சான்று விதி. அந்தத் தூரம் கிடைக்காத சிறு நிலத்தில் வலைக்கூடே கதி.

உங்கள் வயலில் நன்றாக வந்தது எல்லா மண்ணிலும் வரும் என்று நம்ப வேண்டாம். களிமண்ணில் ஒருவர், செம்மண்ணில் ஒருவர், உப்புத் தண்ணீரில் ஒருவர் என வேறுபட்ட நிலம் உள்ள மூன்று நான்கு பேரிடம் விதையையும், ஒப்பீட்டுக்கு அவர்களுக்குப் பழக்கமான ரகத்தையும் கொடுத்து, இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நடச் சொல்லுங்கள். இரண்டு பட்டம் பார்த்த பிறகு பெயர் வைக்கலாம்.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் உழவரையும் ரகம் உருவாக்குபவராக ஏற்கிறது. மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, ஒரே சீராக, தலைமுறை மாறினும் மாறாமல் இருக்கும் ரகத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். கத்தரிக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. பிறர் பதிவு செய்த ரகத்தை ஆராய்ச்சிக்காகக் கலப்பில் பயன்படுத்தவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெற்றோராக வைத்து வீரிய ஒட்டு விதை உற்பத்தி செய்து விற்பதற்கு உரியவரின் அனுமதி வேண்டும். பதிவுக்குப் போகும்போது முதலில் கேட்கப்படுவது பெற்றோர் யார், எந்த முறையில் உருவானது என்பது. கலப்பு நாளன்று அட்டையில் பென்சிலால் எழுதியதை அன்றைக்கே நோட்டிலும் ஏற்றி வையுங்கள். தலைமுறைக்குத் தலைமுறை எத்தனை நட்டோம், எத்தனை பிடுங்கினோம், எதற்காகப் பிடுங்கினோம் என்பதையும் அதே நோட்டில் தொடருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு சிட்டிகை விதையை எண் எழுதி, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பாட்டிலில் குளிர்ந்த இடத்தில் ஒதுக்கி வைத்தால், ஐந்தாம் தலைமுறையில் ஏதாவது கைதவறிப் போனாலும் நான்காவதிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.